றப்பர் காட்டுத் துப்பறிவாளர்கள்

தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் துப்பறியும் கதையும் எழுதினார் என்றால் என்னிடம் படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள். கோ. நடேசய்யர் எழுதினார். 1887இல் தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்து, இலங்கைக்கு வந்து, ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்று பத்திரிகை நடத்தி, சட்டநிரூபண சபைக்குப் போய், 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கி, பிறகு அரசாங்க சபைக்கும் போன அதே ஐயர்தான். கதையின் பெயர் ‘மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்’. 1920களில் அவருடைய பத்திரிகையில் தொடராக வந்தது. மலையக வரலாறு எழுதுகிறவர்கள் ஐயரின் தலையங்கங்களையும் துரைமாரோடு அவர் போட்ட சண்டைகளையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இந்தக் கதையை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரிக்காக எனக்கு அவர்மேல் கூடுதல் பிரியம்.

தலைப்பைக் கண்டதுமே மூலம் பிடிபடும். பரோனஸ் ஓர்ட்சி என்ற அம்மையார், ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர், 1901 முதல் லண்டனில் ‘ரோயல் மேகசின்’ என்ற சஞ்சிகையில் ஒரு கிழவரை வைத்துக் கதைகள் எழுதினார். அந்தக் கிழவர் தேநீர்க்கடை மூலையில் உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு துண்டு நூல். அதில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருப்பார். பொலிஸ் கைவிட்ட கொலை வழக்குகளை, எதிரே வந்து உட்காரும் பத்திரிகைக்காரப் பெண்ணுக்கு இருந்த இடத்திலிருந்தே விடுவித்துக் காட்டுவார். இவ்வளவும் செய்துகொண்டு, தேநீர்க்கடையில் அந்த மனுசன் குடிப்பது பால்! எங்கள் சனம் அட்டைக்கடியோடு கிள்ளி அனுப்பிய கொழுந்தை அவர் மதிக்கவில்லை என்பது என் சொந்த மனத்தாங்கல்.

ஐயர் அந்தக் கிழவரைப்போல ஒரு மூலையில் குந்தியவரல்ல. தோட்டத்துக்குள் வெளியார் கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடும் காலம் அது. லயத்துக்கு உறவுக்காரன் வந்தாலும் கங்காணிக்குத் தெரிய வேண்டும், கங்காணிக்குத் தெரிந்தால் துரைக்குத் தெரியும். ஐயர் புடவை வியாபாரி வேடம் போட்டு, துணி மூட்டையோடு தோட்டங்களுக்குள் நுழைந்து, லயத்து வாசலில் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டே சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, துண்டு முறை எப்படி என்று விசாரித்தார். வேடம் போட்டு உள்ளே போவதும், சந்தேகம் வராமல் கேள்வி கேட்பதும், வெளியே வந்து கோவைப்படுத்தி எழுதுவதும் துப்பறிவாளனின் வேலையல்லாமல் வேறென்ன? கொலைக்குப் பதில் அவர் கண்டுபிடித்தது துண்டு முறையை. தோட்டம் மாறும்போது கடனையும் ஒரு துண்டில் எழுதி ஆளோடு அனுப்பிவிடுவார்கள். உழைத்து அந்தக் கடனைத் தீர்த்தவர்கள் கொஞ்சம்.

அப்படிப்பட்டவர் ஏன் மர்மக் கதை போட்டார்? பத்திரிகை விற்க வேண்டும் என்பதுதான் என் கணிப்பு. சங்கச் செய்தி மட்டும் போட்டால் சங்கத்துக்காரன் வாங்குவான். அடுத்த இதழிலும் என்ன நடந்தது என்று தேடி வரவைக்க ஒரு தொடர் வேண்டும். இது தெரிந்த தலைவர்கள் அவருக்குப் பிறகு எங்களுக்கு வாய்க்கவில்லை.

அதே காலத்தில் அக்கரையில், தமிழ்நாட்டில், கதை எழுதுவது பிழைப்பாகவே ஆகிவிட்டிருந்தது. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் வந்தது. துப்பறியும் கோவிந்தனுக்காகவே சனம் வாங்கியது. ஆரணி குப்புசாமி முதலியார் இங்கிலீசு நாவல்களைத் தமிழ் வேட்டி கட்டிவிட்டு நடமாட வைத்தார். ஷெர்லக் ஹோம்ஸ் அவரிடம் ஆனந்தசிங் ஆனார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டு நாவலே தொழில் என்று உட்கார்ந்தார். அவருடைய ‘கும்பகோணம் வக்கீல்’ பின்னாளில் ‘திகம்பர சாமியார்’ என்ற படமாகி, அதில் எம். என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டார். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் ‘ஜகன்மோகினி’யைக் கையிலெடுத்து, அதில் தன் கதைகளையே தொடராக ஓட்டி, 115 நாவல் வரை எழுதினார். இவர்களில் பலருக்கும் சூத்திரம் ஒன்று: எழுத்தாளரே பத்திரிகைக்காரர், அவரே பிரசுரகர்த்தர். சந்தாப் பணம் நேரே வீட்டுக்கு வரும். இடையில் ஒருவன் இருந்தால் அவன்தான் சாப்பிட்டிருப்பான்.

இந்தப் புத்தகங்கள் எங்கள் பக்கம் வந்த வழி ஆள் வந்த வழிதான். மண்டபம் முகாமில் தடுப்பூசி போட்டு, 1914க்குப் பிறகு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறி, அங்கிருந்து ரயிலில் கொழும்பு, கொழும்பிலிருந்து களனிவெளிக் குட்டி ரயிலில் அவிசாவளை. இரண்டரை அடித் தண்டவாளம். மேட்டில் ஏறும்போது பொடியன்கள் இறங்கி நடந்து மறுபடி ஏறிக்கொள்வார்கள் என்று தாத்தா சொல்வார். அங்கிருந்து ஒரு கிளை யட்டியாந்தோட்டைக்கு, மற்றது இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்கவுக்கு. யட்டியாந்தோட்டைக் கிளை நான் பிறக்க முன்பே போய்விட்டது. இரத்தினபுரிப் பாதையும் 1970களில் நின்றது. தாத்தாவின் தகரப் பெட்டியில் வேட்டிக்கடியில் அட்டை கிழிந்த ஒரு வடுவூரார் நாவல் இருந்தது. அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். கணக்கப்பிள்ளையின் மகன் வாசிக்க, லயத்து வாசலில் இருபது பேர் கேட்பார்களாம். யார் குற்றவாளி என்று தெரிந்தபின்னும் மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்களாம். மர்மக் கதையை ஒருமுறைதான் படிக்கலாம் என்று சொல்கிற விமரிசகர்கள் அந்த வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கொழும்பில் 1930 ஓகஸ்டில் ஆவணிப்பட்டிச் செட்டியார் பெ. பெரி. சுப்பிரமணியம் ‘வீரகேசரி’யைத் தொடங்கினார். அதன் ஆசிரியராக இருந்த எச். நெல்லையாவும் தொடர்கதை எழுதினார். ‘சோமாவதி அல்லது இலங்கை இந்திய நட்பு’, ‘காந்தாமணி அல்லது தீண்டாமைக்குச் சாவுமணி’ என்று தலைப்புகளுக்குள் காதலும் இருக்கும், தலையங்கமும் இருக்கும். அவர் சம்பளம் ஆசிரியர் வேலைக்கு, கதை உபரி. இலங்கையில் தமிழ்க் கதை எழுத்தின் பொருளாதாரம் அன்றைக்கே இப்படித் தீர்மானமாகிவிட்டது என்று நினைக்கிறேன். அக்கரையில் எழுத்தாளன் பத்திரிகையை வைத்திருந்தான். இங்கே பத்திரிகை எழுத்தாளனை வைத்திருந்தது.

நான் வளர்ந்தது கேகாலை மாவட்டத்தில் ஒரு றப்பர் தோட்டம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை மட்டும் அறிந்தவர்களுக்கு எங்கள் வாழ்க்கையின் நேரக்கணக்கு புரியாது. தேயிலையில் கொழுந்துக்காரி பொழுது சாயும்வரை மலையில் நிற்பாள். பால்வெட்டு அப்படியில்லை. விடியக் கருக்கலில் மரத்தடியில் நிற்க வேண்டும். குளிர்ச்சியில்தான் பால் ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஓர் ஆளுக்கு முந்நூறு மரத்துக்குக் கிட்ட. முதல் மரத்துக்குத் திரும்பி வந்து சிரட்டைப் பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோரில் அளந்து கொடுத்தால் நடுப்பகலோடு வேலை முடிந்தது. பின்னேரம் கையில் நேரம். மழை பெய்தால் வெட்டே இல்லை. மரம் நனைந்தால் பால் பட்டையெல்லாம் பரவி வீணாகும். அன்று பேர் கிடையாது, சம்பளமும் கிடையாது. தென்மேற்குப் பருவத்தில் சப்ரகமுவாவுக்கு மழை எப்படி விழும் என்று இரத்தினபுரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆகவே எங்கள் லயங்களில் கதை படிக்க மாசக் கணக்கில் நேரம் இருந்தது. அதே மாசங்களில் கதை வாங்கக் காசு இருக்கவில்லை. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் எங்கள் வாசிப்பு வரலாறு முழுக்க விளங்கிவிடும்.

வழியும் அவர்களே கண்டுபிடித்தார்கள். யட்டியாந்தோட்டை டவுனில் ஒரு பாபர் சலூன் இருந்தது. 1966இல் வீரகேசரி நிறுவனம் ‘மித்திரன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியபோது சலூன்காரர் அதை எடுக்கத் தொடங்கினார். கொலை, கொள்ளை, மர்மம், காதல் என்று தொடர்கள். முடி வெட்ட வருகிறவர்களைவிட அன்றைய அத்தியாயத்தைப் படிக்க வருகிறவர்கள் கூட. சலூன்காரருக்குக் கோபம் வராது. தாளை மடித்துக் கொடுத்து, “கசக்காம படிச்சிட்டு வைடா தம்பி” என்பார். மாசக் கடைசியில் பழைய தாள்களைத் தொடர்வாரியாகக் கத்தரித்து, ஊசிநூலில் தைத்து, பத்துச் சதத்துக்கு வாடகைக்கு விட்டார். அவரிடம் இருந்த புத்தகங்கள் கொழும்பில் எந்தக் கடையிலும் கிடைக்காதவை, அச்சகமே அச்சிடாதவை. தமிழ்வாணனின் சங்கர்லாலும் அங்கேதான் எனக்கு அறிமுகம். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாகத் தன் உருவத்தையே விளம்பரமாக்கிய எழுத்தாளர் தமிழில் அவருக்கு முன்னால் இல்லை. ‘கல்கண்டு’ நடத்தி, மணிமேகலைப் பிரசுரம் கண்டு, மருத்துவத்திலிருந்து சோதிடம் வரை புத்தகம் போட்டார். சங்கர்லால் அந்தக் கடையின் முன்வாசல்.

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் வந்தபின் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்பட்டது. ‘குமுதம்’, ‘விகடன்’, ‘கல்கி’ எல்லாம் கடையிலிருந்து மறைந்தன. யாழ்ப்பாணத்து விமரிசகர்கள் இதை ஈழத்து இலக்கியத்தின் பொற்காலத் தொடக்கம் என்பார்கள். தப்பில்லை. வீரகேசரி பிரசுரம் மலிவு விலையில் நாவல்களை வரிசையாகக் கொண்டுவந்தது. பாலேஸ்வரி, செங்கை ஆழியான், பாலமனோகரன் என்று பெயர்கள் எங்கள் பக்கத்துப் பஸ் நிலையக் கடைகளில் தொங்கின. 1973இல் ‘நிலக்கிளி’யும் ‘வாடைக்காற்று’ம் வந்தபோது, வன்னிக் காட்டையும் கடற்கரையையும் கண்ணால் காணாத எங்கள் தோட்டத்துப் பெண்கள் அவற்றைக் கதையாகவே சொல்லித் திரிந்தார்கள். பொற்காலம் என்கிறவர்கள் ஒன்றை மறப்பார்கள். அந்த வருடங்கள்தான் எங்களுக்குப் பஞ்ச காலமும். 1973, 74இல் மாவும் அரிசியும் இல்லாமல், பாணுக்கு வரிசையில் நின்று, மரவள்ளியும் கிடைக்காமல் தோட்டங்களில் சனம் செத்தது. அப்போதும் சலூன்காரரிடம் பத்துச் சதம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். என் அம்மா ஒருத்தி. அதைப் பசியின்போது செய்கிற பைத்தியக்காரத்தனம் என்று அப்பா திட்டுவார். திட்டி முடித்து, விளக்கருகில் வந்து உட்கார்ந்து, “அந்தாள் செத்தானா இல்லியா, சொல்லு” என்பார்.

இந்தியச் சஞ்சிகைகள் நின்று வாசல் திறந்ததே, யாராவது இலங்கையில் கதை எழுதியே சாப்பிட்டார்களா? செங்கை ஆழியான் அரசாங்க நிர்வாக அதிகாரி. நகைச்சுவை, வரலாறு, காட்டுக் கதை, கடல் கதை என்று எல்லா வகையும் எழுதத் தெரிந்தவர். சென்னையில் பிறந்திருந்தால் மாசம் ஒரு நாவல் கொடுத்து வீடு கட்டியிருப்பார். இங்கே கந்தோர் முடிந்து வந்து எழுதினார். 1974இல் ‘காலங்கள் சாவதில்லை’ நாவலை வீரகேசரி பிரசுரமாகத் தந்த எங்கள் தெளிவத்தை ஜோசப் கொழும்பில் கணக்காளர் வேலை பார்த்தார். 2013இல் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தபோது தமிழ்நாட்டுக்காரர்கள் இவ்வளவு காலம் இவர் எங்கே இருந்தார் என்று கேட்டார்கள். கணக்கு எழுதிக்கொண்டு இருந்தார், வேறெங்கே? மூன்றாயிரமோ ஐயாயிரமோ பிரதி விற்கிற ஒரு சின்னத் தீவில், அதிலும் பாதிப்பேர் இரவல் வாங்கிப் படிக்கிற இடத்தில், ஒரு நாவலுக்குக் கிடைக்கிற தொகை ஒரு மாசத்துக் கடைக்கடனை அடைக்காது. அக்கரையில் வாசகர் பலமடங்கு இருந்ததால் வடுவூராரால் உத்தியோகத்தை விட முடிந்தது. துணிச்சலில் நம்மவர்கள் குறைந்தவர்களில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொன்னால் என் நண்பர்கள் சிலருக்குப் பிடிக்காது. தோட்டத்திலிருந்து எழுத வந்தவனிடம் எல்லோரும் ஒரே சரக்கைக் கேட்டார்கள். எஸ். எம். கார்மேகம் வீரகேசரியில் தோட்டப் பக்கத்தைப் பொறுப்பெடுத்து எங்கள் பிள்ளைகளை எழுத வைத்தார். சிறுகதைப் போட்டிகள் நடந்தன. பரிசுக் கதைகள் 1971இல் ‘கதைக் கனிகள்’ என்று தொகுப்பாயின. அது இல்லாவிட்டால் மலையகச் சிறுகதை என்று இன்று பேச ஒன்றுமில்லை. ஆனால் பரிசு கிடைத்ததெல்லாம் அட்டைக்கடிக்கும் லயத்துக் காம்பராவுக்கும் நாட்டை விட்டுப் போகும் கப்பலுக்கும். கேட்கப்படவேண்டிய கண்ணீர்தான். என்றாலும் எங்கள் தோட்டத்து மனுசன், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்திலிருந்து வந்து, இன்னொரு பிரட்டுக்களத்தைப் பற்றிப் படிக்க ஆசைப்படவில்லை. அவனுக்குச் சங்கர்லால் வேண்டியிருந்தது. அவனைப் பற்றி எழுதியவர்களும் அவனுக்காக எழுதியவர்களும் கடைசிவரை வேறு வேறு ஆட்களாகவே இருந்தார்கள்.

எங்கள் டிவிசனில் ஒருவர் இருந்தார். பால்வெட்டுக்காரர், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அந்த நாளில் தோட்டப் பள்ளிக்கூடம் அதற்கு மேல் போகாது. மழை நாட்களில் கொப்பியில் துப்பறியும் நாவல் எழுதுவார். அவர் துப்பறிவாளர் ஒரு கிழட்டுக் கங்காணி. கொழும்பிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி விழிக்க, கங்காணி செருப்பில் ஒட்டிய மண்ணின் நிறத்தைப் பார்த்தே இது மேல்மலை மண், இது ஆற்றோரத்து மண் என்று பிரித்துவிடுவார். ஒரு கதையில் இரத்தினக்கல் குழியில் பிணம். இன்னொன்றில் துரையின் பங்களாவில் காணாமல் போகும் வெள்ளிக் கரண்டி, திருடியது துரைசாணியே. கொப்பியின் பின்னட்டையில் படித்தவர்கள் பெயர் எழுத வேண்டும் என்பது சட்டம். கூலி, ஒரு கட்டு பீடி. நான் அறிந்தவரையில் சப்ரகமுவாவில் கதை எழுதிக் கூலி வாங்கிய ஒரே எழுத்தாளர் அவர்தான். நான் ஆசிரியர் வேலைக்குப் போன புதிதில் அவற்றைக் கொழும்பில் ஒரு பத்திரிகைக்கு எடுத்துப் போனேன். தோட்டத்து வாழ்க்கைத் துயரம் இதில் எங்கே என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போகவேண்டிய 525,000 பேரில் அவர் குடும்பமும் இருந்தது. பாஸ்போர்ட் வந்ததும் போனார். எங்கள் பக்கத்து றப்பர் சனம் கொஞ்சம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கம், அரசாங்க ரப்பர் காட்டில் வேலைக்குச் சேர்ந்தது. அவரும் அங்கேதான் என்று கேள்வி. கொப்பிகள் ஒன்றும் மிஞ்சவில்லை.

மிஞ்சியிருக்கவும் வழியில்லை. 1977இல் ஒருமுறை தமிழர்மீது கலவரம், 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தில் இன்னொருமுறை, 1983இல் நாடு முழுக்க. இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, பலாங்கொடைப் பக்கத்து லயங்கள் எரிந்தன. சனம் காட்டில் ஒளிந்திருந்து பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் லொறி ஏறியது. யட்டியாந்தோட்டைச் சலூன்காரர் எந்த வருடம் கடையை மூடினார் என்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்வார்கள். அவர் தைத்து வைத்திருந்த தொடர்கள் கடைக்குள்ளேயே இருந்தன.

அந்த இடைவெளியில்தான் அக்கரையிலிருந்து வெள்ளமே வந்தது. 1977இல் புதிய அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டதும் ‘ராணி முத்து’, ‘மாலைமதி’, பிறகு ஜி. அசோகனின் பாக்கெட் நாவல் வகைகள் என்று பஸ் நிலையங்களில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் 1947இல் பிறந்தவர். 1,500க்கு மேல் நாவல் எழுதியிருக்கிறார். பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத்–சுசீலா. சுபா என்பது இரண்டு ஆண்கள். ரமணிசந்திரன் காதல் நாவலில் தனி ராச்சியம் நடத்தினார். பெங்களூரில் பொறியியலாளர் வேலை பார்த்துக்கொண்டே சுஜாதா கணேஷ்–வஸந்தை வைத்துத் தமிழ் உரைநடையின் நடையையே துரிதமாக்கினார். மாசா மாசம் தேதி தவறாமல் ஒரு நாவல், அட்டையில் ஆசிரியர் பெயர் கதையின் பெயரைவிடப் பெரிதாக, பஸ்ஸில் ஏறும்போது வாங்கி இறங்கும்போது முடிக்கிற நீளம். தொழில் என்றால் அப்படி. வீரகேசரி பிரசுரத்துக்கு அதோடு போட்டியிட முடியவில்லை. நானும் அக்கரை நாவலைத்தான் வாங்கினேன். அதற்காக வெட்கப்படவும் இல்லை.

என் குறை வேறு. கதைக்கு வேண்டிய சரக்கு எங்கள் மாவட்டங்களில் கொட்டிக் கிடக்க, நாங்கள் மெரீனாவில் நடக்கும் கொலைகளைப் படித்துக்கொண்டிருந்தோம். கேகாலை–கண்டி வீதியில் மாவனல்லைக்கு அருகே நிற்கிற உத்துவன்கந்தை மலையில்தான் சரதியல் பதுங்கியிருந்தான். வழிப்பறிக்காரன், பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தான் என்று பெயர். 1864 மார்ச் 21ஆம் திகதி அவனைப் பிடிக்கப் போன சண்டையில் கொன்ஸ்டபிள் சபான் சுடப்பட்டுச் செத்தார். கடமையில் உயிர்விட்ட முதல் பொலிஸ்காரர் என்று அந்த நாளையே இன்றும் பொலிஸ் வீரர்கள் நினைவு தினமாக அனுசரிக்கிறார்கள். அதே வருடம் மே மாதம் கண்டியில் சரதியலைத் தூக்கிலிட்டார்கள், கூட்டாளி மம்மலே மரிக்காரையும் சேர்த்து. ஒரு சிங்களவன், ஒரு முஸ்லிம், சுடப்பட்ட ஒரு மலாய்க்காரர். கோப்பிக் காலத்தில் அதே வீதியால் நடந்து போன எங்கள் ஆட்கள் அந்தக் கதையில் எங்கே நின்றார்கள் என்று ஒரு தமிழ் நாவல் கற்பனை செய்யக்கூடாதா?

மேலே பாருங்கள். இரத்தினபுரி எல்லையில் சிவனொளிபாதமலை. 1956 முதல் இலங்கையில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க் 1979இல் ‘தி ஃபவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்’ எழுதினார். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கி, அதன் அடி நிற்பது இந்த மலையின் சாயலில் அவர் படைத்த ஒரு மலையுச்சியில். கணக்குச் சரிவர வேண்டும் என்பதற்காகத் தீவையே பூமத்திய ரேகைக்கு நகர்த்திவிட்டார். அந்தத் துணிவு அறிவியல் கதை எழுதுகிறவனுக்கே வரும். நெபுலா, ஹ்யூகோ இரண்டு விருதும் கிடைத்தன. மாசி பங்குனியில் ‘சிவனே’ என்று பலாபத்தலைப் பாதையில் ஏறுகிற எங்கள் சனத்தில் ஒருவருக்கும் இந்தச் சங்கதி தெரியாது. தெரிந்திருந்தால் ஏறுகிற வேதனையில் அந்த மின்தூக்கி எப்போது வரும் என்று கேட்டிருப்பார்கள்.

என்னிடம் சாதாரண தரம் வரை படித்த ஒரு பிள்ளை இப்போது அவிசாவளையில், சீதாவாக்கை வலயத்தில், ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை. ராத்திரி போடிங் அறையில் படுத்துக்கொண்டு தொலைபேசியில் கொலைத் தொடர் எழுதுகிறது. பிரதிலிபி என்ற செயலியில் போடுகிறது. அத்தியாயத்துக்குக் கீழே மதுரையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆட்கள் சண்டை போடுகிறார்கள். எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். “ஓட்டீ காசு அளவுக்கு இன்னும் வரல சேர்” என்று சிரித்தது. சிரித்தாலும் கணக்கு வைத்திருக்கிறது. எந்த நாளில் அத்தியாயம் போட்டால் கூடப்பேர் படிக்கிறார்கள், எந்த இடத்தில் நிறுத்தினால் மறுநாள் வருகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதியிருக்கிறது. கோதைநாயகி அம்மாள் செய்ததும் அதுதான்.

போன மாசம் பேசியபோது புதுத் தொடருக்கு யோசனை கேட்டது. றப்பர் காட்டில் பால்வெட்டுக்காரன் ஒருவன் செத்துக் கிடக்கிறான். எத்தனை மணிக்குச் செத்தான் என்று கண்டுபிடிக்க வேண்டும். பொலிஸ் வந்து சேரப் பின்னேரமாகிவிடுகிறது.

“சிரட்டையைப் பார்க்கச் சொல்லு,” என்றேன். “வெட்டினா ரெண்டு மூணு மணித்தியாலந்தான் பால் ஓடும். அவன் எத்தினை மரம் வெட்டியிருக்கான், கடைசி மரத்துச் சிரட்டையில எவ்வளவு நிக்குது, எது கட்டிப் போச்சு, எது இன்னும் தண்ணியா இருக்கு. இதை வெச்சே கங்காணி நேரம் சொல்லிருவார்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. எழுதிக்கொள்கிறது போல.

“அன்னைக்கி பத்து மணிக்கு ஒரு மழ பெய்ய வைக்கப் போறேன் சேர்.”

“அப்போ சிரட்டையில தண்ணி ஏறிரும். கணக்கெல்லாம் பொய்யாப் போகும் பிள்ளை.”

“ஆமா சேர். அத நம்பித்தானே அவன் அந்த நாளா பாத்து வெட்டுனான்.”